எந்தப் பதிப்பைப் பார்ப்பது, எந்தப் பதிப்பைக் கேட்பது?

கேள்வி இதுதான்: “‘பிளேட் ரன்னர்’ தேடினால் நாலைந்து பதிப்புகள் வருகின்றன. ‘டானி டார்கோ’வுக்கு இரண்டு. பழைய ‘சிம்ப்சன்ஸ்’ ஓரிடத்தில் சதுரமாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் ஓடுகிறது. தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பங்களுக்கு ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டீலக்ஸ் என்று வரிசை கட்டி நிற்கின்றன. முதல் முறை பார்ப்பவர், கேட்பவர் எதை எடுப்பது?”

‘டைரக்டர்ஸ் கட்’, ‘ரீமாஸ்டர்’ இரண்டையும் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறையில் ஒட்டுகிற விற்பனைச் சொற்கள் அவை. பார்க்க வேண்டியது வேறு: அசலில் யார் கை வைத்தார்கள், எப்போது, எதற்காக? வெளியீட்டுக்கு முன் பயந்துபோன ஸ்டுடியோ வெட்டியிருந்தால், பின்னால் இயக்குநர் மீட்டெடுத்த பதிப்பை நம்பலாம். அன்று தானே முடித்துக் கொடுத்த படத்தை இயக்குநர் சில ஆண்டு கழித்து விளக்கம் சொல்வதற்காகத் திறந்திருந்தால், முதல் பதிப்பே பெரும்பாலும் மேல். மாற்றியது மென்பொருளோ உரிமை ஒப்பந்தமோ என்றால் யோசிக்கவே வேண்டாம், அசலைத் தேடுங்கள்.

‘பிளேட் ரன்னர்’ முதல் வகை. 1982-இல் அமெரிக்கத் திரையரங்குக்கு வந்த பதிப்பில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் நெடுக ஓடும். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்குக் கதை பிடிபடவில்லை என்ற கவலையில் சேர்த்தது. முடிவில் ஃபோர்ட் நடித்த டெக்கார்டும் காதலி ரேச்சலும் பசுமையான மலைப்பாதையில் கார் ஓட்டிப் போவார்கள். அந்த வான்வழிக் காட்சிகள் குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிஞ்சியவை. இரண்டு மணி நேரம் மழையிலும் புகையிலும் நனைந்த படம் திடீரென்று சுற்றுலா விளம்பரமாக மாறுவது அதனால்தான். அதே ஆண்டில் வெளிநாடுகளுக்குப் போன பதிப்பு கதையில் அதேதான், தன்னைப் படைத்த டைரெலின் கண்களைச் செயற்கை மனிதன் ராய் பேட்டி நசுக்குவது போன்ற இடங்களில் ரத்தம் மட்டும் கூடுதல். 1992-இல் ‘டைரக்டர்ஸ் கட்’ என்று வந்ததில் குரலும் மலைப்பாதையும் போய், ஒற்றைக் கொம்புக் குதிரைக் கனவு உள்ளே வந்தது. பெயர்தான் அப்படி. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் குறிப்புகளை வைத்து அவசரமாகச் சேர்த்த பதிப்பு அது. அவர் முழுக் கட்டுப்பாட்டோடு செய்தது 2007-இன் ‘ஃபைனல் கட்’.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வசனம் போதும். போலீஸ் அதிகாரி பிரையன்ட், ஆறு ரெப்ளிகன்ட்கள் (செயற்கை மனிதர்கள்) தப்பி வந்ததாகவும் அதில் ஒன்று மின்புலத்தில் சிக்கிக் கருகியதாகவும் சொல்வார். மிச்சம் ஐந்து. டெக்கார்ட் தேடுவதோ நாலு பேரைத்தான். திரைக்கதை மாறியபோது வசனத்தைத் திருத்த மறந்த பிழை இது. ஆனால் அந்த ஐந்தாவது ஆள் டெக்கார்டேதான் என்று ரசிகர்கள் 25 வருடம் கோட்டை கட்டினார்கள். 2007-இல் ‘ஒன்று’ என்ற சொல்லை ‘இரண்டு’ என்று மாற்றிக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். சோரா என்ற ரெப்ளிகன்ட் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியில் சண்டைக் கலைஞரின் விக் பழைய பதிப்புகளில் அப்பட்டமாகத் தெரியும். அந்த வேடத்தில் நடித்த ஜோவன்னா கேசிடியைத் திரும்ப அழைத்து வந்து அவர் முகத்தைப் பொருத்தினார்கள். ராய் சாகும்போது பறக்கும் புறா, முன்பு நடுராத்திரி மழையில் வெளிர்நீல வானத்துக்குள் போகும். இப்போது இருட்டுக்குள் போகிறது.

எனவே முதல் பார்வைக்கு ஃபைனல் கட். 1992 பதிப்பை இன்று தேடிப் பார்க்கக் காரணமே இல்லை. 1982 பதிப்பை மட்டும் இரண்டாவதாகப் பாருங்கள், ஃபோர்ட் அந்தக் குரலை எவ்வளவு சலிப்போடு படிக்கிறார் என்று கேட்பதற்காகவாவது. ஃபைனல் கட்டில் ஒரு குறையும் உண்டு. படம் முழுக்கப் பச்சை கலந்த நீலச் சாயம் ஏறியிருக்கிறது, மனிதத் தோல் நிறங்கள் முன்பைவிட நோய்வாய்ப்பட்டுத் தெரிகின்றன. டிவியைக் குறை சொல்லாதீர்கள்.

‘டானி டார்கோ’ நேர் எதிர். 2001 பதிப்பு 113 நிமிடம், 2004-இன் டைரக்டர்ஸ் கட் 133 நிமிடம். கூடுதலான 20 நிமிடத்தில் பெரும்பங்கு விளக்கம்: கதையில் வரும் ஒரு கிழவி எழுதிய காலப் பயணப் புத்தகத்தின் பக்கங்கள் திரையிலேயே வருகின்றன. படத்தின் உயிர், டானிக்கு நடப்பது மனநோயா வேறெதுவுமா என்று கடைசிவரை பார்ப்பவரை ஊசலாட வைப்பதுதான். பக்கம் பக்கமாக விதிமுறைகளைக் காட்டியதும் ஊசல் நின்றுவிடுகிறது. இன்னொரு சேதம் காதுக்கு. 2001 பதிப்பில் சாலையில் விழித்தெழும் டானி சைக்கிளில் வீடு திரும்பும்போது எக்கோ அண்ட் தி பன்னிமென் பாடிய ‘தி கில்லிங் மூன்’ ஒலிக்கும். விதியைப் பற்றிய பாட்டு. அந்த முதல் நிமிடங்களிலேயே படத்தின் முடிவைக் காதில் போட்டுவிடுகிறது. 2004-இல் அந்த இடத்துக்கு ஐஎன்எக்ஸ்எஸ் குழுவின் ‘நெவர் டேர் அஸ் அப்பார்ட்’ வந்து, ‘கில்லிங் மூன்’ பிற்பாடு வரும் விருந்துக் காட்சிக்குத் தள்ளப்பட்டது. இயக்குநர் ரிச்சர்ட் கெல்லி ஆரம்பத்திலேயே விரும்பியது ஐஎன்எக்ஸ்எஸ் பாட்டைத்தான். இருக்கட்டும், உரிமை கிடைக்காமல் மாற்றி வைத்ததே பொருத்தமாக அமைந்துவிட்டது. முதலில் 113 நிமிடப் படம். புத்தகப் பக்கங்கள் வேண்டுமானால் பிறகு தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

டெர்ரி கில்லியமின் ‘பிரேசில்’ விஷயத்தில் விவாதமே இல்லை. ஐரோப்பாவில் வந்தது 142 நிமிடம். அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிடத் தயங்கியபோது கில்லியம் ‘வெரைட்டி’ இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர்கள் சங்கம் 1985-இன் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் 132 நிமிடப் பதிப்பு அங்கே அரங்குக்கு வந்தது. ஸ்டுடியோ தன் விருப்பப்படி வெட்டி, சுபமாக முடித்து வைத்த 94 நிமிடத் தொலைக்காட்சிப் பதிப்பும் ஒன்று உண்டு. 142-ஐப் பாருங்கள். 94, படத்தொகுப்பு படிப்பவர்களுக்கான பாடம்: அதே காட்சிகளை வைத்து நேர் எதிரான படத்தை எப்படி உருவாக்கலாம் என்று காட்டும்.

1973-இன் ‘தி விக்கர் மேன்’ கொஞ்சம் சிக்கல். அன்று ‘டோன்ட் லுக் நவ்’ படத்தோடு ஜோடியாக ஓட்டுவதற்காக 88 நிமிடத்துக்குச் சுருக்கினார்கள். அதில் தீவில் நடக்கும் இரண்டு இரவுகள் ஒரே இரவாக நெரிக்கப்பட்டன, தீவின் தலைவராக வரும் கிறிஸ்டோபர் லீயின் அறிமுகமும் வெகுநேரம் தள்ளிப்போயிற்று. போலீஸ்காரர் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிக்கொள்கிறார் என்ற உணர்வுக்கு அந்த இரண்டு இரவுகள் தேவை. இயக்குநர் ராபின் ஹார்டி ஒப்புக்கொண்டு 2013-இல் வந்த ஃபைனல் கட், சுமார் 94 நிமிடம், அவற்றை மீட்கிறது. மீட்ட காட்சிகளில் நிறம் மங்கி, புள்ளிகள் கூடும். அசல் நெகட்டிவ் கிடைக்கவில்லை, தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்தவை என்பதால் அப்படி. உங்கள் வட்டு பழுதில்லை.

நிமிடக் கணக்கை நம்பிப் பதிப்பை அடையாளம் காண்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் விற்ற டிவிடிகளில் பெரும்பாலானவை, ஐரோப்பிய டிவிடிகளைப் போலவே, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்தவை. நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை அதில் 25 பிரேமாக ஓட்டுகிறார்கள். படம் சுமார் 4 சதவீதம் வேகமாகிறது, 100 நிமிடம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே 84 நிமிடம் என்று போட்ட ‘விக்கர் மேன்’ டிவிடியைப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்று கத்த வேண்டாம். உறையில் இருக்கும் நிமிடத்தை 1.0417-ஆல் பெருக்குங்கள்: 84 என்பது 87.5 ஆகும், அது அப்படியே திரையரங்குப் பதிப்பு. 108 நிமிட ‘டானி டார்கோ’வும் முழுமையானதே. நீளம் குறையாவிட்டாலும் காதுக்கு நஷ்டம் உண்டு: சுருதியைத் திருத்தாமல் வேகப்படுத்தியிருந்தால் குரலும் பாட்டும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பாட்டை நம்பி நிற்கும் படங்களை ப்ளூ-ரேயில் பார்ப்பது நல்லது, அது பெரும்பாலும் 24 பிரேமிலேயே ஓடும்.

இடையில் ஒன்று. 1984-இன் ‘ரெப்போ மேன்’ படத்தின் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிப்பில் தாயைச் சேர்த்துத் திட்டும் கெட்ட வார்த்தைக்குப் பதிலாக ‘முலாம்பழ விவசாயி’ என்று டப் செய்தார்கள். ஒலி கிட்டத்தட்ட பொருந்தும், அர்த்தம் எங்கோ போகும். தணிக்கை படத்தைவிட வேடிக்கையாக இருந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதல் தடவைக்கு வேண்டாம், மூன்றாவது தடவைக்குப் பாருங்கள்.

கார்ட்டூன்களில் சேதம் வேறு வழியில் வருகிறது. ‘சிம்ப்சன்ஸ்’ 20-ஆவது சீசனின் நடுவரை, அதாவது 2009 பிப்ரவரி வரை, பழைய டிவியின் 4:3 சட்டத்துக்காக வரையப்பட்டது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, அகன்ற டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் 16:9-க்குப் பெரிதாக்கினார்கள். அகலம் அப்படியே இருக்க, உயரத்தில் கால் பங்கு போய்விட்டது. கால் பங்கில் என்ன போகும்? நாலாவது சீசனில் ஹோமரும் பார்னியும் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதா டஃப், லைட், டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள். சட்டத்தின் மேல்பகுதியில் ஒரே குழாய் வந்து மூன்றாகப் பிரிந்து மூன்றிலும் ஒரே பீரை ஊற்றுகிறது. ஜோக்கே அந்தக் குழாய்தான். யாரும் அதைப் பற்றி வசனம் பேசுவதில்லை. மேலே வெட்டியதும் குழாய் பிரியும் இடம் காணாமல் போகிறது, மிஞ்சுவது சும்மா மூன்று தொட்டி. ரசிகர்கள் இந்த ஒரு பிரேமை வைத்தே சண்டை போட்டார்கள். 2020 மே மாதம் அசல் வடிவமும் சேர்க்கப்பட்டது. தொடரின் பக்கத்தில் விவரங்கள் பகுதிக்குள் போய், ‘ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்ற பொத்தானை அணைக்க வேண்டும். வேறெங்கே பார்த்தாலும் சோதனை சுலபம்: 2009-க்கு முந்தைய எபிசோட் உங்கள் அகன்ற திரையை முழுக்க நிரப்பினால், அது வெட்டியது.

கையால் வரைந்த பழைய சித்திரங்களுக்கு இன்னொரு எதிரி, தூசியும் கீறலும் நீக்கும் மென்பொருள். ஒரு பிரேமில் இருந்து அடுத்ததில் இல்லாத மெல்லிய கோடு எதுவானாலும் அதைக் கீறல் என்று நினைத்து அழித்துவிடும். ‘லூனி டூன்ஸ்’, ‘டாம் அண்ட் ஜெர்ரி’ மாதிரி ஓட்டமும் அடியுமான கார்ட்டூன்களில் அப்படிப்பட்ட கோடுதான் படத்தின் உயிர்: சுழலும் கை, நீளும் மீசை, வேகக்கோடு. சில டிவிடித் தொகுப்புகளில் இந்தச் சேதம் தெளிவாகத் தெரியும். கண்டுபிடிக்க, வேகமான அசைவின் நடுவே நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். உருவத்தின் வெளிக்கோடு கரும்பலகையில் ஈரத்துணி பட்டதுபோல் அங்கங்கே அறுந்திருந்தால் மென்பொருள் வேலை. தூசி கொஞ்சம் பறக்கிறதென்றால் சந்தோஷப்படுங்கள், கோடுகள் பத்திரமாக இருக்கின்றன.

ஜப்பானியப் படங்களில் டப்பிங்கா சப்டைட்டிலா என்ற சண்டைக்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது, படத்துக்குப் படம் பார்க்க வேண்டும். 1988-இன் ‘அகிரா’வுக்கு ஜப்பானியக் குரல்தான். அங்கே வழக்கம், வரைந்து முடித்த பிறகு குரல் பதிவது. ‘அகிரா’வில் இயக்குநர் கட்சுஹிரோ ஒடோமோ குரலை முதலில் பதிந்து, வாயசைவை அதற்கேற்ப வரைய வைத்தார். எனவே எந்த மொழியில் டப் செய்தாலும் வாய் ஒட்டாது. ஆங்கில டப்பிங்கே இரண்டு இருக்கிறது, பழையது ஒன்று, 2001-இல் புதிதாகச் செய்தது ஒன்று. பழையதில் வசனம் முரட்டுத்தனம், புதியதில் கதை தெளிவு. இரண்டும் இரண்டாம்பட்சமே. மாறாக ‘கவ்பாய் பீபாப்’ தொடரின் 26 எபிசோடையும் ஆங்கிலத்தில் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அதன் உலகமே ஜாஸும் அமெரிக்க வெஸ்டர்னும் கலந்தது, ஆங்கிலம் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது. சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல டப்பிங் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதில்லை, அந்த ஊர்ப் பேச்சில் ஆளையே புதிதாகப் படைக்கிறது.

சப்டைட்டிலில் மட்டும் ஒரு மோசடி நடக்கும். ஜப்பானிய வசனத்திலிருந்து மொழிபெயர்க்காமல், ஆங்கில டப்பிங்கின் வசனத்தையே எழுத்தாக்கி ஓட்டிவிடுவார்கள். ஆங்கில ஒலியைப் போட்டு சப்டைட்டிலையும் போடுங்கள். இரண்டும் வார்த்தை பிசகாமல் ஒன்றாக ஓடினால் அது டப்பிங் எழுத்து. நிஜமான மொழிபெயர்ப்பில் கடைப் பலகை, கடிதம், பாட்டு வரிகளுக்கும் எழுத்து வரும்.

‘நாசிகா’ என்ற, ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 1984 படத்தை அமெரிக்காவில் சுமார் 22 நிமிடம் வெட்டி, கதாநாயகியின் பெயரை சாண்ட்ரா என்று மாற்றி, ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று விற்றார்கள். சூழலியல் கதை, பறக்கிற பூச்சிகளோடு சண்டை போடும் சாகசமாயிற்று. அதன் பிறகுதான் வெட்டவே கூடாது என்ற நிபந்தனை வந்தது. ‘இளவரசி மொனோனோகே’ அமெரிக்காவுக்குப் போனபோது மியாசாகியின் தயாரிப்பாளர், வெட்டாதே என்ற குறிப்போடு ஒரு வாளையே அனுப்பி வைத்தார். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பிரதி கைக்கு வந்தால், பெயர் சாண்ட்ராவா என்று மட்டும் பாருங்கள்.

இதிலெல்லாம் பெரிய துயரம் ரிச்சர்ட் வில்லியம்ஸின் ‘தி தீஃப் அண்ட் தி காப்ளர்’. 1960-களில் தொடங்கிய படம், 1992-இல் முடியும் தறுவாயில் அவர் கையைவிட்டுப் பிடுங்கப்பட்டது. திருடனும் செருப்புத் தைப்பவனும் கிட்டத்தட்ட ஊமைப் பாத்திரங்கள். கணினி இல்லாமல், கண்ணை ஏமாற்றும் கோணங்களில் கையால் வரைந்த காட்சிகளே பேச வேண்டிய படம். 1995-இல் அமெரிக்காவில் வந்த பதிப்பில் இரண்டு பேருக்கும் நிறுத்தாமல் மனக்குரல் கொடுத்து, பாட்டுகளையும் செருகினார்கள். அரண்மனைத் தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் நடக்கும் துரத்தல் காட்சியில் கண் சுழலும்போது, காதில் ஒருவர் அசட்டு ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கவே வேண்டாம். வில்லியம்ஸின் முடியாத வேலைப்பிரதியை அடிப்படையாக வைத்து ரசிகர்கள் 2006 முதல் ஒட்டித் தைத்துவரும் ‘ரீகாப்ள்டு கட்’ இருக்கிறது. பென்சில் கோடும் தேய்ந்த கேசட் காட்சியும் நடுநடுவே வரும். இருந்தாலும் அதுதான் படம்.

பாட்டு உரிமை என்ற வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டிவியில் 1997 முதல் 2002 வரை ஓடிய ‘டாரியா’ கார்ட்டூன் தொடரில், அந்தந்த வாரம் வானொலியில் ஓடிய ராக் பாட்டுகள் காட்சிகளுக்கு இடையே துண்டு துண்டாக ஒலிக்கும். 2010-இல் டிவிடி வந்தபோது உரிமைக் காசு கட்டுப்படியாகாமல் பெரும்பாலானவற்றை மாற்றிவிட்டார்கள். வசனம் அதேதான், ஆண்டு மட்டும் காணாமல் போயிற்று. ‘எவாஞ்சலியன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 2019-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, ஜப்பானுக்கு வெளியே ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ஒலிக்க வேண்டிய ‘ஃப்ளை மீ டு தி மூன்’ பாட்டுக்குப் பதிலாக ஒரு பியானோத் துண்டு. உலகம் இடிந்து விழும் எபிசோடுக்குப் பின் அந்தக் குழையும் பழைய காதல் பாட்டு வருவதில் இருந்த குரூர நகைச்சுவை போய்விட்டது. டாரியாவுக்கு அன்று ஒளிபரப்பில் பதிந்த பிரதியைத் தவிர வழியில்லை. எவாஞ்சலியனுக்குப் பழைய டிவிடி போதும்.

இனி ஆல்பங்கள். ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை. கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்பு, காரம் சரிபார்ப்பது ரீமாஸ்டர். முடிந்த இரட்டைத் தட ஒலியில் சத்தமும் தொனியும் மட்டும் மாறும். பருப்பு, காய், புளிக்கரைசல் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து மறுபடி கூட்டுவது ரீமிக்ஸ். டிரம்ஸ், கிட்டார், குரல் தடங்களுக்கே திரும்பிப் போய், எது முன்னால், எது பின்னால், எவ்வளவு எதிரொலி என்று புதிதாகத் தீர்மானிப்பது. முன்னதில் ஆல்பம் மெருகேறும் அல்லது கெடும். பின்னதில் அது வேறு ஆல்பம்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த ரீமாஸ்டர்களில் பெரும்பாலானவற்றின் ஒரே சாதனை, சத்தம். மெல்லிய இடங்களை மேலே தூக்கி, உச்சங்களை நசுக்கி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சத்தமான பிரதி முதல் கேட்பில் எப்போதும் நல்லதாகவே தோன்றும், காது அப்படிப்பட்டது. அதனால் ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பழைய பிரதி, புதிய பிரதி இரண்டிலும் ஒரே பாட்டைத் திறந்து, முதலில் அலைவடிவத்தைப் பாருங்கள். டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் நலம். மேலும் கீழும் ரம்பத்தால் அறுத்த மரக்கட்டைபோல் தட்டையாக இருந்தால் நசுக்கியது. அடுத்து ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ விளைவை இரண்டுக்கும் ஒரே எண்ணில், கழித்தல் 23-இல், போடுங்கள். அதைவிட உயர்த்தினால் பழைய பிரதியின் ஊசிகள் உச்சவரம்பில் முட்டி உடையும். இப்போது மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தத்தின் சாதகம் போனதும், நசுக்கிய பிரதியில் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கும். ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவதால் அங்கேயும் இதேதான் நடக்கிறது: நசுக்கியதைக் குறைத்து ஒலிக்கிறார்கள், நசுங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

அலையின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் டிஆர் எண்ணை வைத்து வைனில் இசைத்தட்டே மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. சிடிக்கு நசுக்கிய அதே மாஸ்டரைத் தட்டில் வெட்டி, மறுபடி கணினியில் பதிந்தால்கூட எண் சில புள்ளிகள் ஏறிக் காட்டும். ஊசியும் வடிகட்டிகளும் அலையின் முனைகளை இடம் மாற்றுவதால் வரும் மாயம் அது. தட்டை வாங்குவது உங்கள் இஷ்டம், ஆனால் அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள்.

சத்தம் என்ற பேச்சின் எல்லைக்கல், தி ஸ்டூஜஸின் ‘ரா பவர்’. 1973-இல் டேவிட் போவி கலந்த பதிப்பு மெலிந்தது, பேஸ் கிட்டார் இருக்கும் இடமே தெரியாது. 1997-இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே மறுபடி கலந்தார், ஒலி அளவியின் எல்லா ஊசியும் சிவப்புக்குள் போகும்படி. வெளிவந்த சிடிகளிலேயே மிகச் சத்தமானவற்றில் ஒன்று. இரண்டும் குறைபட்டவை, இரண்டும் வேண்டும். மெலிந்த போவி பதிப்பில்தான் கிட்டார் கத்தியாகக் கேட்கும், அதை முதலில் எடுங்கள்.

பேர்ல் ஜாமின் ‘டென்’ 1991-இல் இங்கிலாந்தில் டிம் பாமர் கலந்தது. குகைக்குள் வாசித்ததுபோல் எதிரொலி. ‘ஓஷன்ஸ்’ பாட்டில் தாளத்துக்கு மிளகுப்பொடிக் குப்பியையும் தீயணைப்பு உருளையையும் தட்டினார், ஆல்பம் உறையிலேயே அது அச்சாகியிருக்கிறது. குழுவுக்கு அந்த எதிரொலி பின்னாளில் உறுத்தியது. 2009-இல் பிரெண்டன் ஓ’பிரையன் அதை வடித்தெடுத்து மறுகலவை செய்தார். கருவிகள் பளிச்சென்று பிரிகின்றன, சந்தேகமில்லை. ஆனால் பாடகர் எடி வெடரின் குரல் அந்தக் குகையை நிரப்புவதற்காகப் பாடிய குரல். குகையை எடுத்ததும் ஒருவர் அறைக்குள் நின்று காரணமில்லாமல் கத்துவதுபோல் ஆகிறது. 1991-ஐயே கேளுங்கள்.

தி ரீப்ளேஸ்மென்ட்ஸின் ‘டிம்’ (1985) மறுதிசையில் சாட்சி. பாட்டுகள் அபாரம், டிரம்ஸ் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ தகரம் தட்டுவதுபோல். 2023-இல் எட் ஸ்டாசியம் செய்த ரீமிக்ஸ் அதே வாசிப்பை, அதே தடங்களை எடுத்து நாலு பேரும் எதிரில் நின்று வாசிப்பதாக மாற்றியிருக்கிறது. முதலில் இதையே கேட்கலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய மிகச் சில ரீமிக்ஸ்களில் ஒன்று. ‘டென்’னில் எதிரொலி பாடலோடு கலந்துபோன முடிவு, ‘டிம்’மில் வெறும் கோளாறு. வித்தியாசம் அவ்வளவுதான்.

நிர்வானாவின் ‘இன் யூட்டரோ’ (1993) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் ஸ்டீவ் ஆல்பினி அதைப் பிப்ரவரி மாதத்தில் இரண்டே வாரத்தில் பதிந்து கலந்தார். ராயல்டி வேண்டாம், ஒரே கட்டணம் போதும் என்று எழுதியே கொடுத்தவர் அவர். பிறகு குரலும் பேஸும் அடங்கிக் கிடக்கின்றன என்ற தயக்கம் வந்து, ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டையும் ஸ்காட் லிட்டிடம் கொடுத்து மாற்றினார்கள். குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்கே ஒப்புதல் இருந்ததால் அந்த ஆல்பம்தான் அசல். 2013 பெட்டியில் ஆல்பினியின் முதல் கலவைகளும் உண்டு, அந்த இரண்டு பாட்டை மட்டும் அதில் கேட்டுப் பாருங்கள். சில பெரிய அங்காடிகளுக்காக உறையில் ‘ரேப் மீ’ என்ற பாட்டின் பெயரை ‘வெய்ஃப் மீ’ என்று மாற்றி அச்சடித்த சிடியும் சுற்றுகிறது. அந்தப் பாட்டில் பெயர்தான் மாற்றம், ஆனால் அந்தச் சிடியில் ‘பென்னிராயல் டீ’ பாட்டு மட்டும் ஸ்காட் லிட்டின் வேறு கலவை.

அதே ஸ்காட் லிட், ஆர்.இ.எம்.மின் ‘மான்ஸ்டர்’ (1994) ஆல்பத்தை 25 வருடம் கழித்து 2019-இல் தானே திருத்தினார். பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரல் முன்னால் வந்தது, நடுங்கும் கிட்டார் பின்வாங்கியது. வரிகள் இப்போது புரிகின்றன. புரியக் கூடாது என்பதற்காகச் செய்த ஆல்பத்தில் அது லாபமா? பழைய ஆரஞ்சு நிற சிடி பழைய சிடி கடைகளில் குவிந்து கிடப்பது, எடுத்துச் செல்பவருக்கு அதிர்ஷ்டம்.

மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991) வேண்டுமென்றால் எந்தச் சிடியும் பரவாயில்லை, ஆனால் 1991 சிடி அமைதியாகப் பதிந்தது. ஒலி குறைவு என்று நினைத்து விட்டுவிடாமல் ஆம்பிளிஃபயரைத் திருப்பி ஏற்றுங்கள். ஏற்றிக் கேட்க வேண்டிய குழு அது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘மெலன் காலி’ (1995) சிடியில் 28 பாட்டு. அன்றைய மூன்று தட்டு வைனிலில் இரண்டு கூடுதல், வரிசையும் வேறு. தட்டின் ஆறு பக்கத்துக்கும் விடியலிலிருந்து நட்சத்திர ஒளி வரை பொழுதுகளின் பெயர். பாட்டுகள் அந்த வரிசையில் இன்னும் சீராக ஓடுகின்றன. தட்டு இல்லாதவர்கள் அந்தப் பட்டியலைத் தேடி பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளலாம்.

நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ (1991) சிடியில் ‘சம்திங் இன் தி வே’ முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சுமார் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு, உறையில் பெயரே இல்லாத ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ வெடிக்கும். வரவில்லையென்றால் உங்கள் கையில் இருப்பது அதைச் சேர்க்கத் தவறிய முதல் அச்சாக இருக்கலாம். மௌனமே இல்லாமல் உடனே வந்தால், யாரோ அதைத் தனிப்பாட்டாகப் பிரித்துப் பட்டியலில் பெயரும் போட்ட பிற்காலப் பதிப்பு.